உறைந்த பின்கதவும் உடைந்த கைப்பிடியும்

கனடாவின் சமவெளி மாகாணங்களிலும் அமெரிக்காவின் வடமாநிலங்களிலும் பிக்கப் டிரக் பலருக்குச் சவாரி வண்டி மட்டும் அல்ல. தச்சர், குழாய் வேலைக்காரர், கூரை வேய்பவர், மின்பணியாளர், விவசாயி என்று கையை நம்பிப் பிழைக்கும் பலருக்கும் அதுதான் கிடங்கு, அதுதான் நடமாடும் பட்டறை. அந்தக் கிடங்கின் வாசல், வண்டியின் பின்கதவு. ஜனவரி மாதத்தில் விடியுமுன் வேலைக்குக் கிளம்புகிறவர் அதன் கைப்பிடியைத் தூக்குகிறார், கதவு அசையவில்லை. பெட்டிக்கு மேல் மூடி போட்ட வண்டியானால் வேறு வழியும் இல்லை. ஏணியும் கருவிப்பெட்டியும் உள்ளே. பின்சக்கரம் வழுக்காதிருக்கப் பாரமாகப் போட்டுவைத்த மணல்மூட்டையும், வண்டி புதைந்தால் தோண்டியெடுக்க வேண்டிய மண்வாரியும் உள்ளேதான். இரண்டாம் முறை பலமாக இழுக்கிறார். மூன்றாம் முறை இன்னும் பலமாக. பட்டென்று ஒரு சத்தம், கைப்பிடி கையோடு வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட சேதத்துக்கு வழக்கமாகக் குளிரின் மேல்தான் பழி விழுகிறது. இக்கட்டுரையின் வாதம் வேறு. பனிக்கட்டி கதவைப் பிடித்துக்கொள்கிறது. கைப்பிடியை உடைப்பது, எங்கே பிடித்திருக்கிறது என்று பார்க்குமுன் இழுக்கும் கை. ஆகவே உறைந்த பின்கதவுக்கு முதல் மருந்து வெந்நீரும் அல்ல, வலிமையும் அல்ல, இடத்தைக் கண்டறிவதே.

கைப்பிடிக்குப் பின்னால் இருப்பது

ஃபோர்டு நிறுவனம் 1925இல் மாடல் டி வண்டியைத் தொழிற்சாலையிலேயே பிக்கப் பெட்டியோடு விற்கத் தொடங்கியது. விலை 281 டாலர். அந்த முதல் வண்டியிலேயே பின்கதவு இருந்தது. அக்காலத்துப் பின்கதவுகள் பக்கத்துக்கு ஒன்றாகச் சங்கிலியும் கொக்கியுமாக நின்றவை. கொக்கியில் பனி பிடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியும், தட்டினால் உதிரும். நம் ஊர்ச் சரக்கு வண்டிகளில் இன்றும் காணும் பக்கக் கொக்கிகளும் இந்த வகைதான். பின்னால் வந்த பிக்கப்களில் கதவின் நடுவே ஒரே கைப்பிடி வந்தது. ஒரு கையில் சுமையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திறக்கலாம். உண்மையாகவே நல்ல வசதி. ஆனால் அந்த வசதிக்காகப் பூட்டு முழுவதும் கதவின் வயிற்றுக்குள் மறைந்துவிட்டது. கைப்பிடியைத் தூக்கினால் உள்ளே ஒரு சிறு நெம்புகோல் திரும்பும். அதிலிருந்து இடமும் வலமும் இரண்டு மெல்லிய கம்பித் தண்டுகள் ஓடும். அவை கதவின் இரு ஓரங்களிலும் உள்ள தாழ்களை விடுவிக்கும். பெட்டியின் பக்கச்சுவரில் நிற்கும் முளையைக் கவ்வியிருப்பது அந்தத் தாழ்கள்தான். தண்டுகளை நெம்புகோலோடு சேர்த்துப் பிடிப்பது பல வண்டிகளில் விரல்நுனி அளவுள்ள பிளாஸ்டிக் கவ்வி. கைப்பிடியே பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது, அல்லது துத்தநாகக் கலவையில் வார்த்தது. சங்கிலியில் மிக வலுவாக இருக்க வேண்டிய கண்ணி கை தொடும் கண்ணி. இங்கே அதுவே மிக மெலிந்த கண்ணியாக அமைந்துவிட்டது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லாமே தெளிவாகும்.

நீர் வரும் வழி

வண்டிக்கு நான்கு கதவுகள் இருக்க, பின்கதவு மட்டும் ஏன் இவ்வளவு எளிதில் உறைகிறது? பயணிகள் அமரும் அறையின் கதவுகளுக்கு உள்ளிருந்து ஹீட்டரின் சூடு கிடைக்கிறது; வண்டி பத்து நிமிடம் ஓடினாலே அவற்றின் ரப்பர் விளிம்புகள் இளகிவிடும். பின்கதவுக்கு இருபுறமும் வெளிக்காற்றுதான். அதன் இடமும் மோசமானது. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஒரு சுழல் உண்டாகிறது. சக்கரங்கள் வாரியடிக்கும் பனிச்சேற்றை அந்தச் சுழல் உறிஞ்சி நேராகப் பின்கதவின் மேல் அப்புகிறது. அந்தச் சேறு வெறும் நீரும் அல்ல. கனடாவின் சாலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 லட்சம் டன் உப்பு தூவப்படுகிறது. அந்த உப்பும் மணலும் சேர்ந்த கரைசல் அது. கதவுக்கும் பக்கச்சுவருக்கும் இடையில் உள்ள இடுக்கு மேலே திறந்தே இருக்கிறது. பெட்டிக்குள் விழுந்த பனி உருகினால் அந்த இடுக்கு வழியாகத்தான் கீழே இறங்கும். தாழும் முளையும் இருப்பது அந்தப் பாதையில்தான். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். நகர்வதற்காக விடப்பட்ட சிறு இடைவெளிகளை அந்தப் பெருக்கம் ஆப்பு அடித்ததுபோல் அடைத்துவிடுகிறது. உப்பு செய்யும் கேடு வேறு வகை; அது தாழையும் தண்டையும் துருப்பிடிக்க வைக்கிறது. துருவின் சொரசொரப்பில் அடுத்த ஆண்டுப் பனிக்கட்டி இன்னும் இறுகப் பற்றும்.

தமிழில் 'பனி' என்ற ஒரே சொல் விடியற்காலைத் துளியையும் குறிக்கும், வானிலிருந்து விழும் வெண்பனியையும் குறிக்கும், இறுகிய கட்டியையும் குறிக்கும். இந்தச் சிக்கலில் அவற்றைப் பிரித்தறிவது அவசியம். மைனஸ் 30 டிகிரியில் விழும் உலர்ந்த பனித்தூள் எதிலும் ஒட்டாது, ஊதினால் பறந்துவிடும். கதவைப் பூட்டுவது அது அல்ல, ஒருமுறை நீராகி மறுபடி உறைந்த பனி. அதனால் மிகக் குளிரான நாளே மிக ஆபத்தான நாள் என்ற எண்ணம் சரியல்ல. ஜனவரிச் சராசரி மைனஸ் 16 டிகிரி அளவில் இருக்கும் வினிப்பெக்கை நினைத்துத்தான் பலரும் அஞ்சுகிறார்கள். ஆனால் வெப்பநிலை அடிக்கடி பூஜ்யத்தைத் தாண்டித் தாண்டி ஊசலாடும் தெற்கு ஒன்ராறியோவில், அதாவது தமிழர் பெருந்தொகையாக வாழும் ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பகுதிகளில், கதவு உறையும் வாய்ப்பு எவ்விதத்திலும் குறைவல்ல. ராக்கி மலைகளிலிருந்து இறங்கும் சினூக் என்னும் வெப்பக்காற்று வீசும் இடங்களில் இந்த ஊசல் உச்சத்துக்குப் போகும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் உள்ள ஸ்பியர்ஃபிஷ் என்ற ஊரில் 1943 ஜனவரி 22 அன்று வெப்பநிலை இரண்டே நிமிடங்களில் மைனஸ் 20 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்கு ஏறியது. காற்று நின்றதும் அன்று காலையிலேயே மறுபடி இறங்கியது. இயற்கை அரிதாகச் செய்யும் இந்த வேலையை மனிதன் அன்றாடம் செய்கிறான். சூடான கராஜில் இரவு நிறுத்திக் காலையில் வெளியே எடுப்பது, உறைகுளிரில் வண்டியைக் கழுவக் கொடுப்பது எல்லாம் அதேதான்: உருக்கி, இடுக்கில் இறக்கி, உறைய வைப்பது.

இங்கே எழும் ஒரு மறுப்பைப் பார்த்துவிட வேண்டும். குளிரில் இரும்பு சுருங்குகிறது, அதனால்தான் கதவு சிக்கிக்கொள்கிறது என்று சிலர் சொல்வார்கள். கணக்கு அதற்கு இடம் தரவில்லை. 1.5 மீட்டர் அகலமுள்ள எஃகுக் கதவு, 20 டிகிரியிலிருந்து மைனஸ் 30க்கு இறங்கினால் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் சுருங்கும், அலுமினியமானால் 1.7 மில்லிமீட்டர். ஆனால் கதவு மட்டும் சுருங்குவதில்லை. அதைத் தாங்கும் பெட்டியும் அதே உலோகத்தால் ஆனதாக இருந்தால் அதே விகிதத்தில் சுருங்குகிறது. 2015ஆம் ஆண்டு மாடலிலிருந்து அலுமினிய உடலோடு வரும் ஃபோர்டு எஃப்-150இல் கதவும் அலுமினியம், பெட்டியும் அலுமினியம். இரண்டும் சேர்ந்து சுருங்கினால் நடுவில் உள்ள இடுக்கு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். இந்த விளக்கத்தில் உண்மையின் ஒரு துளி உண்டு: ஏற்கெனவே வளைந்துபோன கதவிலும், சரிவரப் பொருத்தாத முளையிலும் சிறு மாற்றம்கூட உராய்வைக் கூட்டும். அப்படிப்பட்ட கதவு கோடையிலேயே அழுத்திச் சாத்தினால்தான் பூட்டும். குளிர் அங்கே பழைய பழுதைக் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவே. குளிர் நேரடியாகச் செய்யும் இரண்டு கேடுகள் வேறு: பிளாஸ்டிக்கை நொறுங்கும்படி ஆக்குவது, கிரீஸைக் கெட்டியாக்குவது. முதலாவது நேராகக் கைப்பிடியையும் கவ்வியையும் தாக்குகிறது. மென்மையாகக் கையாள வேண்டிய பாகம் குளிரில்தான் மிக மென்மையைக் கேட்கிறது; நாமோ குளிரில்தான் அதை மிக முரட்டுத்தனமாக இழுக்கிறோம்.

எங்கே பிடித்திருக்கிறது?

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே நோய், கதவு திறக்கவில்லை. உள்ளே குறைந்தது நான்கு நோய்கள் இருக்கலாம். கையும் காதும் போதும், அவற்றைப் பிரித்துவிடலாம். கைப்பிடியே அசையவில்லை, மேற்புறம் கண்ணாடிபோல் பனிக்கட்டி படர்ந்திருக்கிறது என்றால், உறைந்திருப்பது கைப்பிடியும் அதன் குழியும். சாவி போட்டுப் பூட்டும் வகையானால் பூட்டு உறைந்திருக்கலாம், அல்லது பூட்டியதே மறந்திருக்கலாம். கைப்பிடி பாதி தூரம் தூங்கி எழுந்ததுபோல் மந்தமாக நகர்ந்து நின்றுவிட்டால், தண்டோ தாழோ கெட்டி கிரீஸிலும் பனிக்கட்டியிலும் மாட்டியிருக்கிறது. கைப்பிடி வழக்கம்போல் முழுதாக உயர்கிறது, இருபுறமும் தாழ் விடுபடும் 'டக்' ஓசையும் கேட்கிறது, ஆனாலும் கதவு அசையவில்லை என்றால் பொறி முழுவதும் நலம். ஓரத்து இடுக்கில் உள்ள பனிக்கட்டி மட்டுமே கதவைப் பிடித்திருக்கிறது. ஒரு பக்கம் சற்றே விலகி மறுபக்கம் நிற்கிறது என்றால் சிக்கல் அந்த ஒரு தாழில். கைப்பிடி எந்தத் தடையும் இல்லாமல் தளதளவென்று ஆடினால் கவ்வி ஏற்கெனவே உடைந்துவிட்டது அல்லது தண்டு கழன்றுவிட்டது. அந்த நிலையில் எவ்வளவு பனியை உருக்கினாலும் பயனில்லை. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும். கைப்பிடியை முழு பலத்தில் அல்ல, இரண்டு விரல்களால் தூக்கிப் பார்த்தால்தான் தடை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கைப்பிடி சேதி சொல்லும் கருவி. அதையே சம்மட்டியாக்கினால் சேதியும் போச்சு, கருவியும் போச்சு.

மூன்றாவது நிலையை, அதாவது இடுக்கில் மட்டும் பனிக்கட்டி இருப்பதை, சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வீணான உடைப்பு நேரும் இடம் அது. இரு ஓரங்களிலும் 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு, 10 மில்லிமீட்டர் அகலத்தில் பனிக்கட்டி ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தப் பரப்பு 10,000 சதுர மில்லிமீட்டர். உலோகத்தோடு பனிக்கட்டி ஒட்டும் வலிமை மேற்பரப்பின் தன்மைக்கும் குளிருக்கும் ஏற்ப மாறும். மிகக் குறைவாக, சதுர மில்லிமீட்டருக்கு 0.1 நியூட்டன் என்றே எடுத்தாலும் 1,000 நியூட்டன் ஆகிறது. ஏறத்தாழ 100 கிலோ எடையின் பிடி. கைப்பிடியை மேலே தூக்கும் விசையில் ஒரு துளிகூட இந்தப் பிடியை எதிர்த்துப் போவதில்லை, ஏனென்றால் கைப்பிடியின் வேலை தாழை விடுவிப்பதோடு முடிந்துவிடுகிறது. தாழ் விடுபட்டபின் எவ்வளவு பலமாகத் தூக்கினாலும் அந்தப் பலம் முழுவதும் நெம்புகோலையும் கவ்வியையும்தான் நசுக்கும். பனிக்கட்டியை உடைக்க வேண்டியது கதவே. அதற்கு வழி, இழுப்பதற்கு நேர்மாறாகத் தள்ளுவது. உள்ளங்கையையோ தோளையோ கதவின் மேல்மூலையில் வைத்து வண்டியை நோக்கி அழுத்த வேண்டும். நடுவில் அல்ல, மூலையில். 100 கிலோ பிடி என்பது முழுப் பரப்பையும் ஒரே நேரத்தில் பெயர்த்தால்தான். பனிக்கட்டி நொறுங்கும் இயல்புடையது. ஒரு மூலையில் விரிசல் விழுந்தால் அது தானாகவே இடுக்கின் வழியே கீழிறங்கும். இரண்டு மூலைகளையும் மாறி மாறி அழுத்தி, ஓரங்களை முட்டியின் பக்கவாட்டாலோ துணி சுற்றிய ரப்பர்ச் சுத்தியாலோ தட்டினால் சடசடவென்று கட்டி உதிர்வது கேட்கும். உள்நோக்கித் தள்ளுவதில் இன்னொரு நன்மையும் உண்டு: முளையின் மேல் தாழுக்குள்ள இறுக்கம் தளர்கிறது. அதே நேரத்தில் கைப்பிடியைத் தூக்கினால், அதுவரை அசையாத தாழும் பல வேளைகளில் விட்டுக்கொடுக்கும். பெட்டியில் உள்ள ஈரச் சரளையோ உப்போ உறைந்து கதவை உள்ளிருந்து முட்டிக்கொண்டிருந்தால் மட்டும் இது செல்லாது. அங்கே முதலில் சுமையை மேலிருந்து தளர்த்த வேண்டும்.

வெந்நீரும் மற்ற மருந்துகளும்

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, ஒரு கெட்டில் வெந்நீர் ஊற்றினால் ஒரு நிமிடத்தில் திறந்துவிடுமே என்பது வலுவான மறுப்பு. அதை அலட்சியம் செய்ய முடியாது, பலருக்கும் அது வேலை செய்திருக்கிறது. எங்கே வேலை செய்கிறது, எங்கே கெடுக்கிறது என்று பார்ப்போம். 90 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் நீர் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை ஏறத்தாழ 376 கிலோஜூல் வெப்பத்தைத் தரும். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் போதும். கணக்கில் வெந்நீர் வென்றுவிட்டது. ஆனால் அந்த வெப்பத்துக்குப் பங்காளி ஒருவன் இருக்கிறான், கதவின் உலோகம். மைனஸ் 25 டிகிரியில் உள்ள 25 கிலோ எஃகுக் கதவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரவே 300 கிலோஜூல் வேண்டும். ஊற்றிய நீர் மேற்பரப்புப் பனியை உருக்கிக்கொண்டு, தன் சூட்டை உலோகத்திடம் பறிகொடுத்து, இடுக்கின் அடியிலும் தாழின் குடலிலும் போய்த் தேங்கி உறைகிறது. காலையில் திறந்த கதவு மாலையில் முன்னைவிட இறுக்கமாகப் பூட்டிக்கொள்வதற்குக் காரணம் அதுதான். தாழுக்குள் இல்லாத நீரை நாமே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம். வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்றே கீழே, பகலில் ஏறப்போகிறது என்றால் வெந்நீர் பிழையில்லை. திறந்தவுடன் துடைத்து உலர்த்தினால் போதும். மைனஸ் 25இல் அது கடன் வாங்கிக் கடன் அடைப்பது. கேமராவும் மின்கம்பிகளும் உள்ள கதவில் அதுவும் கூடாது.

நீரின் உறைநிலையைத் தாழ்த்தும் திரவங்கள் வெந்நீரைவிட நல்லவை, ஏனென்றால் அவை மறுபடி உறைய மாட்டா. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் மைனஸ் 89 டிகிரி வரை உறையாது. மெத்தனால் மைனஸ் 98 வரை. கனடாவில் மைனஸ் 40 என்று அச்சிட்டு விற்கும் நீலநிறக் கண்ணாடி கழுவும் திரவத்தில் இருப்பதும் பெரும்பாலும் மெத்தனால்தான். தாழ் இருக்கும் ஓரத்தில் சிறு குப்பியால் துளித்துளியாக விட்டு, சில நிமிடம் பொறுத்து, கதவைத் தள்ளி அசைத்தால் அது இடுக்கில் ஊறி இறங்கும். எச்சரிக்கைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மெத்தனால் உடலுக்குள் போனால் கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும் நஞ்சு. ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது. தரையில் சிந்தினால் நாயும் குழந்தையும் நக்கக்கூடும், ஆகவே அதை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. ஆல்கஹால் தீப்பற்றும், அதை ஊற்றிய இடத்தில் ஹீட் கன்னோ நெருப்போ காட்டக் கூடாது. மைனஸ் 30இல் கிடந்த ஆல்கஹால் அதே குளிரோடு திரவமாகவே இருப்பது. வெறும் விரலில் பட்டால் தோலை உறையவைத்துவிடும். காற்றுக்குளிர் மைனஸ் 28க்கும் மைனஸ் 39க்கும் இடையில் இருந்தால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையக்கூடும் என்பது கனடா சுற்றுச்சூழல் துறையின் எச்சரிக்கை. கையுறையைக் கழற்றிவிட்டுச் செய்யும் வேலைக்கு அந்தக் கெடுவே எல்லை. சாலை உப்பைக் கதவுக்கும் தூவலாமே என்றால், சாதாரண உப்பு மைனஸ் 10க்குக் கீழே மிக மந்தமாகிவிடுகிறது. துருவை மட்டும் மந்தமில்லாமல் வளர்க்கும். மிகச் சிறந்த மருந்து உலர்ந்த, மெதுவான சூடு. கதவைச் சூரியன் பார்க்கும்படி நிறுத்துவது, தலைமுடி உலர்த்தும் கருவியைத் தாழின் பக்கம் காட்டுவது, இயன்றால் சில மணி நேரம் சூடான கராஜில் விட்டுத் திறந்து நன்றாகத் துடைப்பது. எரிவாயுத் தீச்சுடர் மட்டும் எப்போதும் வேண்டாம். பெயின்டும் கவ்வியும் கம்பியும் பனிக்கட்டிக்கு முன்பே உருகிவிடும்.

இவை எதுவும் பலிக்காமல், அல்லது கவ்வி ஏற்கெனவே உடைந்து, கதவு சாத்தியபடி நின்றாலும் வழி அடைபடவில்லை. பெரும்பாலான பிக்கப்களில் பின்கதவின் உட்புறத்தில், கதவைத் தாழ்த்தினால் மேலே தெரியும் முகத்தில், ஒரு தகட்டு மூடி சில திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். பெட்டிக்குள் ஏறி, பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் விலக்கி, அந்த மூடியைக் கழற்றினால் தண்டுகள் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு தண்டையும் கையாலோ இடுக்கியாலோ நகர்த்தித் தாழைத் தனித்தனியாக விடுவிக்கலாம். கைப்பிடி இல்லாமலே கதவு திறக்கும். உடைவதற்கு முன்பே இந்த வழியை அறிந்திருப்பவர் உடைக்கவே மாட்டார், ஏனென்றால் இழுப்பது ஒன்றே வழி என்ற பதற்றம் அவருக்கு இராது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இந்தக் கதவுக்கு முன்னால் நிற்பவருக்கு அப்படியே பொருந்தும் சொல்.

எண்ணெயும் மின்சாரமும்

இலையுதிர் காலத்தில் ஒருமுறை எண்ணெய் போட்டால் இந்தப் பேச்சே வராது என்பது இன்னொரு மறுப்பு. பாதி உண்மை. எந்த எண்ணெய், எதன் மேல் என்பதில்தான் மீதி இருக்கிறது. பலரும் கையில் எடுப்பது டபிள்யூடி-40. 1953இல் உருவான அந்தத் திரவத்தின் பெயரிலேயே அதன் தொழில் இருக்கிறது: நீரை அப்புறப்படுத்துவது, நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை. ஈரத்தை விரட்டவும் அழுக்கை இளக்கவும் அது நல்லது. ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சும் மெல்லிய படலம் குளிர்காலம் முழுவதும் தாங்காது. மறுபுறம், கெட்டியான சாதாரண கிரீஸை அள்ளி அப்பினால் அது கடுங்குளிரில் மெழுகுபோல் இறுகும், மணலையும் பிடித்துவைக்கும். தாழைத் திறக்க வேண்டிய சிறு சுருள்வில்லுக்கு அந்த மெழுகைத் தள்ளும் பலம் இல்லை. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் உப்பையும் மணலையும் கழுவி உலர்த்துவது, ஈரத்தை விரட்டுவது, பிறகு கடுங்குளிருக்கென்று செய்த செயற்கை கிரீஸையோ உலர் மசகையோ தாழிலும் தண்டு மூட்டிலும் மெல்லியதாகப் பூசுவது, ரப்பர் விளிம்புகளுக்குச் சிலிக்கோன் தடவுவது. இவற்றோடு கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளைச் சுள்ளியால் குத்தித் திறந்துவிட வேண்டும். எண்ணெய் நீரை வழுக்கிவிடும். ஆனால் வழுக்கிய நீர் போக வழி இல்லையென்றால் அது அங்கேயேதான் உறையும்.

மின்சாரத்தால் திறக்கும் புதிய பின்கதவுகள் இந்தச் சிக்கலையே ஒழித்துவிட்டன என்பார் உண்டு. கைப்பிடி இல்லை, தண்டு இல்லை, உடைய எதுவும் இல்லை. ஒரு பொத்தான் போதும். பொதுப்பதிவில் உள்ள சான்று வேறு சொல்கிறது. ஃபோர்டு நிறுவனம் 2019இல் 2017 முதல் 2019 வரையிலான கனரக பிக்கப்களில் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. கதவுக்குள் இறங்கிய நீர் மின்கம்பியில் குறுக்குச்சுற்றை உண்டாக்கிக் கதவைத் தானாகத் திறந்துவிடக்கூடும் என்பது காரணம். ஜெனரல் மோட்டார்ஸ் 2024இல் 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கனரக பிக்கப்களை ஏறக்குறைய அதே காரணத்துக்காக அழைத்தது. அங்கே நீர் புகுந்தது திறக்கும் பொத்தானில். ஃபியட் கிரைஸ்லர் 2018இல் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட ராம் பிக்கப்களை அழைத்தது பூட்டும் கருவியின் ஒரு சிறு நாக்கு முறியக்கூடும் என்பதற்காக. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நீரும் மெலிந்த பாகமும் என்ற அதே இரண்டு பகைவர்கள்தான். முன்பு கதவைத் திறக்கவிடாமல் செய்தவை இப்போது கேட்காமலே திறந்துவிடுகின்றன. மோட்டாருக்கும் பனிக்கட்டிக்கும் நடக்கும் போட்டியில் மோட்டாருக்குக் கைக்குள்ள உணர்வுகூட இல்லை. எங்கே தடை என்று அது சொல்லாது.

பூட்டாத கதவு

திறக்காத கதவைப் பற்றியே பேசுகையில் அதன் இரட்டைப் பிறவியை மறந்துவிடக் கூடாது. பூட்டாத கதவு அதைவிடக் கொடியது. தாழின் வாயில் பனிக்கட்டி இருந்தால், சாத்தும்போது தாழ் முளையை முழுதாகக் கவ்வாது. கதவு நிமிர்ந்து நிற்கும், ஓரத்துப் பனி அதைப் பிடித்திருக்கும், பார்ப்பவருக்குப் பூட்டியதுபோலவே தெரியும். நெடுஞ்சாலையின் அதிர்விலோ மதிய வெயிலிலோ அந்தப் பனி இளகும். கதவு படாரென்று விழும். ஏணியும் பலகையும் பின்னால் வரும் வண்டியின் கண்ணாடிக்கு முன்னால் சிதறும். சிக்கிய கதவால் ஒரு நாள் வேலை போகும். சிதறிய சுமையால் ஓர் உயிரே போகலாம். இது அற்ப விஷயம், வசந்தம் வரும்வரை பக்கவாட்டிலிருந்து ஏற்றி இறக்கிக்கொள்ளலாம் என்பவர்களுக்கு இதுவே பதில். குளிர்காலத்தில் பின்கதவைச் சாத்தும் ஒவ்வொரு முறையும் இரு தாழ்களின் வாயையும் விரலால் துடைத்து, சாத்தியபின் இரண்டு மூலைகளையும் தன் பக்கம் இழுத்துப் பார்க்க வேண்டும். திறப்பதற்குத் தள்ளு, சாத்தியபின் இழு: இந்த எளிய ஒழுங்கு பல சேதங்களைத் தடுக்கும்.

பொறுப்பு ஓட்டுநரிடம் மட்டுமே என்று முடித்தால் அது நியாயம் ஆகாது. பனி பெய்யும் நாடுகளில் நூறாண்டாக விற்கப்படும் வண்டியில், கை தொடும் பாகம் மிக மெலிந்ததாக இருப்பது விதி அல்ல, வடிவமைப்பாளரின் தேர்வு. கவ்வி உலோகத்தால் இருக்கலாம். தாழின் வாய்க்கு மேல் நீரைத் திருப்பிவிடும் சிறு உதடு இருக்கலாம். மின்கதவு எல்லாவற்றுக்கும் கையால் விடுவிக்கும் ஒரு வழி, திருகாணி கழற்றாமல் எட்டும்படி இருக்கலாம். இவை எதுவும் வண்டியின் விலையைப் பெரிதாகக் கூட்டுபவை அல்ல; வாங்குகிறவர்கள் இருக்கைச் சூட்டையும் திரையின் அகலத்தையும் கேட்பதுபோல் இவற்றையும் கேட்கத் தொடங்க வேண்டும். அதுவரை, விடியற்காலை இருட்டில் கதவின் முன் நிற்பவரிடம் இருப்பது அரை நிமிடப் பொறுமைதான். இரண்டு விரலால் கைப்பிடியைத் தூக்கி, காது கொடுத்து, மூலையில் உள்ளங்கையை வைத்து உள்ளே அழுத்தட்டும். இடுக்கில் பனிக்கட்டி சடசடக்கும் ஓசை கேட்கும்வரை அந்தக் கைப்பிடியை இழுக்காமல் இருக்கட்டும்.